இரண்டு மணி மீட்டிங்

மீட்டிங் நடத்துவதற்கென்றே என்னை வேலைக்கு எடுத்தார்கள். கம்பெனி என்னவோ இட்லி மாவு கம்பெனிதான். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் அப்பா முதல் நாளே சிரித்து முடித்துவிட்டார்.

“நாலு வருசம் பி.இ. படிச்சுட்டு மாவு விக்கப் போறியாக்கும்?”

“விக்கிறது வேற ஆளுப்பா. அதப் பத்திப் பேசுறதுதான் நான்.”

“பேசுறதுக்குச் சம்பளமா? அப்ப ஒங்கம்மாவுக்கு எம்புட்டுக் குடுக்குறது?”

அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னார். அது எனக்குச் சொன்னதல்ல என்பதால் கிளம்பிவிட்டேன்.

மாட்டுத்தாவணிக்குப் பின்னால், பூ மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பெரிய தகர ஷெட். கீழே கிரைண்டர்கள், பாக்கெட் போட்டு டிரேயில் அடுக்கும் மேசைகள், மூலையில் ஒரு கோல்டு ரூம். மாடியில் ஆபீஸ் என்று பெயர் வைக்கப்பட்ட ஓர் அடுப்பு. விடியற்காலை ஷிஃப்டில் ஆட்டும் மாவு சின்னச் சின்னக் கடைகளுக்குப் போகும். பத்து மணி ஷிஃப்டில் ஆட்டுவது ஊருக்குள் இருக்கும் ஒரே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு. அந்த ஆர்டர் இருப்பதால்தான் பத்து மணி ஷிஃப்ட் என்ற ஒன்றே இருந்தது. அதில் ஆறு பெண்கள்.

அந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தவர் ஒரு அக்கா. கீழக்குயில்குடிக்காரர். முன்னால் எல்லாரும் சேர்ந்து வயல் வேலைக்குப் போனவர்கள். அக்காதான் ஒவ்வொரு வீடாகப் போய், மாமியார்களிடம் பேசி, “எம்பொறுப்பு” என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். கிரைண்டர், கோல்டு ரூம் எல்லாம் அவர் ராஜ்ஜியம். வெளியே வண்டி ஓட்டும் அண்ணனும் அதே ஊர்தான். கம்பெனியின் ஒரே வேன் அவர் கையில். இந்த இரண்டு பேரும் சரியாக இருந்தால் மாவு சரியாக இருக்கும். இரண்டு பேரும் சரியாக இல்லை.

அதற்கு முன்னால் முதலாளியைச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். ஆனால் தல்லாகுளம் பக்கம் ஒரு ஹோட்டலில், ஏசி ஹாலில், ‘மீட்டிங்கைப் பயனுள்ளதாக நடத்துவது எப்படி’ என்று ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்துவிட்டார். போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர். வெள்ளை போர்டு வாங்கினார். மார்க்கர் வாங்கினார். பூ மார்க்கெட்டிலிருந்து மூங்கில் கூடை ஒன்று வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார்.

“இது எதுக்கு சார்?”

“போன் போடுறதுக்கு. மீட்டிங் ஆரம்பிச்சா எல்லாரும் போன சைலன்ட்ல போட்டு இதுக்குள்ள வச்சுரணும். நீ, நான், எல்லாரும்.”

இன்னும் இருந்தது. என்ன பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே போர்டில் எழுத வேண்டும். எல்லாரும் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசியில் யார், எதை, எப்போது செய்வார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயமான விஷயங்கள்தான். எனக்கும் பிடித்திருந்தது. கல்லூரியில் சிம்போசியம் நடத்திய திமிர் வேறு. கலக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் திங்கட்கிழமை மீட்டிங்கில் பிளாஸ்டிக் சேர்களை வட்டமாகப் போட்டேன். அக்கா ஒரு சேரில் உட்கார்ந்தார். வேன் அண்ணன் அவருக்கு நேர் எதிரே இருந்த சேரைத் தூக்கிப் போய் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். வட்டம் அங்கேயே முட்டை வடிவம் ஆகிவிட்டது.

“அண்ணே, சனிக்கிழம டெலிவரி ஏன் லேட்டு?” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தே சொன்னார். “டிரே லேட்டா வந்துச்சு பாப்பா.”

அக்காவும் என்னைத்தான் பார்த்தார். “டிரே ரெடியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு பாப்பா. வண்டிதான் வரல.”

“வண்டி வந்து நின்னுச்சுன்னு சொல்லு.”

“எங்க வந்து நின்னுச்சாம்? டீக்கடையிலயா?”

“ஏன், அங்கிட்டு வந்து பாத்தாங்களாமா?”

மூவருக்கும் நடுவில் பத்தடி கூட இல்லை. நான் டென்னிஸ் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதலாளி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழகிவிட்டதா, புரியவே இல்லையா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மீட்டிங் முடிந்து படி இறங்கும்போது பத்து மணி ஷிஃப்டில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். என் வயதுதான் இருக்கும், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள்.

“அவுங்களுக்குள்ள பேச்சு வார்த்த இல்லக்கா,” என்றாள்.

“எப்போருந்து?”

“தையிலருந்து. அண்ணன் மகளுக்குச் சடங்கு வச்சாருல்ல, அந்தப் பிளெக்ஸுல அக்கா மகன் போட்டோ வரல.”

நான் சிரிக்கவில்லை. மதுரையில் பிறந்து வளர்ந்தவள் இதற்குச் சிரிக்க மாட்டாள். தெருமுனையில் வைக்கும் பிளெக்ஸில் தாய்மாமன் எந்த வரிசை, சித்தப்பா எந்த வரிசை, கூட வேலை பார்ப்பவர்கள் எந்த வரிசை என்பதற்கெல்லாம் எங்கள் தெருவிலேயே சட்டை கிழிந்திருக்கிறது. கம்பெனி ஆட்கள் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பிளெக்ஸின் கடைசி வரிசையில் இருந்தார்களாம். எதிர் டீக்கடைக்காரர் மகன் கூட இருந்தானாம். அக்கா தன் மகனுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிளெக்ஸ் கடைக்காரன் விட்டுவிட்டான். பையன் சைக்கிளில் போய்த் தன் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தானாம். அக்கா சடங்குக்குப் போகவில்லை. ஒரே ஊர்க்காரி, கூட வேலை பார்ப்பவள், பந்தலுக்கு வரவில்லை என்று அண்ணனுக்கு அது பெரிய அடி. கடைக்காரன் செய்த தப்புக்கு நான் என்ன செய்வேன் என்று அவர். பிளெக்ஸை ஒரு தடவை பார்த்திருக்க மாட்டாரா என்று இவர். முதலில் யார் பேசுவது என்பதில் நின்றது, நின்றதுதான்.

இப்படித்தான் நான் மீட்டிங் நடத்துகிறவள் என்பதிலிருந்து சேதி சொல்கிறவள் ஆனேன். வேன் கடைகளைச் சுற்றிவிட்டு மதியம் திரும்பி வரும். வந்ததும் சூப்பர் மார்க்கெட் டிரேக்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே பின்வாசலில் மதியம் கொஞ்ச நேரம்தான் சரக்கு வாங்குவார்கள். கோல்டு ரூம் கதவு குறுகல், ஆட்களை வரிசையாக நிறுத்திக் கைமாற்றித்தான் டிரேக்களை வெளியே எடுக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். வண்டி வரும் நேரம் தெரிந்தால் சரியாக அப்போது வெளியே எடுக்கலாம். அந்த நேரத்தைத் தெரிந்துகொள்ள அக்கா அண்ணனுக்கு போன் பண்ண மாட்டார். அண்ணனும் பண்ண மாட்டார். அண்ணன் எனக்குக் கூப்பிடுவார். “பாப்பா, கிட்ட வந்துட்டேன்.” நான் படியிறங்கி ஓடுவேன். “அக்கா, கிட்ட வந்துட்டாராம்.” சோறு தின்றுகொண்டிருந்தாலும் ஓடுவேன். பாத்ரூமில் இருந்தாலும் போன் கூடவே வரும். நாலு வருஷம் படித்த கம்யூனிகேஷன் இஞ்சினியரிங் இப்படி உபயோகப்படும் என்று யாருக்குத் தெரியும்.

சித்திரை வந்தது. தகர ஷெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மதியம் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் எடுத்துவிடுவோம். மாவு பாக்கெட் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் உள்ளே புளித்து, காற்று கட்டி, பலூன் மாதிரி உப்பிவிடும். உப்பிய பாக்கெட்டை எந்தக் கடையும் எடுக்காது. திருவிழா நெருங்க நெருங்க தல்லாகுளம் பக்கம் பந்தல், தள்ளுவண்டி, கூட்டம். வேன் எப்போது வரும் என்று அண்ணனுக்கே தெரியவில்லை. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓரிரு டிரே ரிட்டர்ன் வந்தது. முதலாளி கவலைப்பட ஆரம்பித்தார்.

கவலைப்பட்டால் முதலாளிக்கு ஒரே வழிதான் தெரியும்.

“இனிமே தெனமும் ரிவியூ மீட்டிங்,” என்றார். “ரெண்டு மணிக்கு. வெளிக் கம்பெனிலலாம் அப்புடித்தான் பண்றாங்க. பிரச்சினை இருக்கப்ப தெனமும் பேசணும்.”

“ரெண்டு மணி வண்டி வார நேரம் சார். மூணரைக்கு வச்சுக்கலாமா?”

“ஒரே நேரம், தெனமும். அப்பத்தான் பழக்கம் ஆகும்னு சொன்னாங்க.”

அந்த இரண்டு மணி மீட்டிங்கில் முதலாளி, நான், அக்கா, கணக்குப் பார்க்கும் ஒரு பையன். அண்ணன் ரோட்டில் இருப்பார். போர்டில் நான் எழுதியிருப்பேன்: ‘பாக்கெட் ஏன் உப்புகிறது?’ எல்லாரும் ஒரு வார்த்தை சொல்வோம். வெயில் என்பார் அக்கா. வெயில் என்பான் பையன். வெயில் என்பேன் நான். முதலாளி அதைப் போர்டில் எழுதச் சொல்வார். மேசையின் நடுவில் கூடை. கூடைக்குள் எங்கள் போன்கள்.

நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். எங்களுக்குப் புரிய நாளாயிற்று.

ஒரு சனிக்கிழமை, மீட்டிங் நடக்கும்போது, அண்ணன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் கூடைக்குள் சைலன்டில் மின்னி அடங்கிக்கொண்டிருந்தது. கீழே பெண்களிடம் அக்கா சொல்லிவிட்டு வந்திருந்தார்: “ரெண்டுக்கு முன்னாலயே டிரேய எடுத்து ஷட்டர்கிட்ட வச்சுருங்கடி. நாமதான் லேட்டுன்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது.” ஒருத்தர் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு வேன் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. லேட் ஆகும், டிரேயை எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். மேலே நாங்கள் பாக்கெட் உப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கீழே, ஷட்டர் வாசலில், வெயிலில், பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மொத்த லோடும் திரும்பி வந்தது. சூப்பர் மார்க்கெட் சூப்பர்வைசர் முதலாளிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. கோபப்படக்கூட இல்லை அவர்.

“சார், இன்னொரு தடவ இப்புடி வந்தா நாங்க வேற மாவு பாத்துக்குறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

முதலாளி போனை வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். “இந்த ஆர்டர் போச்சுன்னா பத்து மணி ஷிஃப்ட நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா. ஒங்களக் காலை ஷிஃப்டுக்கு மாத்திக்கலாம். அவுங்கள என்ன பண்றதுன்னு தெரியல.”

அக்கா “சரி சார்” என்று மட்டும் சொன்னார். கீழே போய் உப்பிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தார். மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போவார். அந்த ஆறு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். அக்கா நிமிரவில்லை. “எம்பொறுப்பு” என்று சொல்லி அழைத்து வந்த ஆள் எப்படி நிமிர்வார்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுக்கு லோடு கிடையாது. அதனால் முதலாளி ஞாயிறு காலையில் எல்லாரையும் வரச் சொன்னார். என் ஒரே லீவு நாள். வந்தேன். அண்ணனும் வந்தார், ஆறு பெண்களும் வந்தார்கள். மாடி கொள்ளவில்லை. கீழேயே ஷட்டருக்கு உள்பக்கம் போர்டைச் சாய்த்துவைத்தோம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த இன்னொரு வித்தை முதலாளியிடம் மிச்சம் இருந்தது. ஒரு பிரச்சினை வந்தால் ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டுமாம். ஐந்தாவது ‘ஏன்’ வருவதற்குள் வேர் தெரிந்துவிடுமாம்.

“ஏன் பாக்கெட்டு உப்புச்சு?”

“வெயில்ல நின்னுச்சு சார்.” இது நான். முதலாளியே எழுதிக்கொண்டார்.

“ஏன் வெயில்ல நின்னுச்சு?”

“வண்டி வரதுக்கு முன்னாடியே டிரேய வெளிய எடுத்துட்டோம் சார்.” கைக்குழந்தைக்காரி.

“ஏன் முன்னாடியே எடுத்தீங்க?”

“வண்டி எப்ப வரும்னு தெரியாது சார்.”

“ஏன் தெரியாது? போன் இருக்குல்ல?”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மாவு காய்ந்த தரை. அண்ணன் வேன் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, கேக்குறேன்ல. ஏன் போன் பண்ணல?”

“எனக்குத்தான் சார் போன் வரும்,” என்றேன். “நான் சொல்லுவேன். நேத்து ரெண்டு மணி மீட்டிங். போன் கூடைல இருந்துச்சு.”

முதலாளி முகம் மாறியது. கூடை அவருடையது. ஆனாலும் அவர் விடவில்லை. ஐந்தாவது ‘ஏன்’ பாக்கி இருந்தது. “ஒனக்கு ஏன் வரணும்? இவுங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிறதுக்கு என்ன?”

கணக்குப் பார்க்கும் பையனுக்கு நாக்கு அடங்காது. “அண்ணன் வீட்டு சடங்கு பிளெக்ஸுல அக்கா மகன் போட்டோவப் போடல சார்.”

முதலாளி சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. நம்ப முடியாமல் வந்த சிரிப்பு. “இதுக்கா? அடப் பாவிகளா, ஒரு போட்டோவுக்கா?”

அங்கேதான் போச்சு. அதுவரைக்கும் சரிசெய்யக்கூடியதாக இருந்த ஒன்று, ஆறு பெண்களின் முன்னால், ஒரு பையனின் முன்னால் சிரிப்பாகிவிட்டது. அக்காவின் கழுத்து நிமிர்ந்ததைப் பார்த்தேன். அண்ணன் கையில் சாவி நின்றது. முதலாளிக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குப் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது.

“எந்திரிங்க ரெண்டு பேரும். வாங்க இங்கிட்டு. கை குடுத்துக்கங்க. இதோட முடிஞ்சுச்சு. நம்ம எல்லாரும் ஒரு டீம்.”

அண்ணன் அரைகுறையாக எழுந்தார். அக்கா எழுந்தார், ஆனால் அங்கே போகவில்லை.

“சார், நான் மாவு ஆட்ட வந்தவ. கை குடுக்க வரல.”

சொல்லிவிட்டுப் பின்பக்கம் தொட்டி கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டார். அண்ணன் வெளியே போய் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. முதலாளி கொஞ்ச நேரம் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கில் ஏறிப் போய்விட்டார். மூடி போடாத மார்க்கர் அவர் கையோடு போனது. நான் ஒரு டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தூக்கம்தான் வந்தது. இந்த ஊரில் எல்லாருடைய ரோஷத்தையும் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடுகிற வேலைக்கு எனக்கு வயதே பத்தவில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் கைக்குழந்தைக்காரி வாயைத் திறந்தாள். யாரைப் பார்த்தும் இல்லை, ஷெட்டைப் பார்த்து.

“அவுங்கவுங்க ரோசம் அவுங்கவுங்களுக்குப் பெருசு. இருக்கட்டும், நான் வேணாங்கல. நாளைக்கும் லோடு திரும்பி வந்தா, செவ்வாக்கெழம எனக்கு வேல இருக்கா இல்லையான்னு எங்க மாமியாவுக்கு யாரு பதில் சொல்றது? ஒரு ஆளு கூட்டிட்டு வந்துச்சு, ஒரு ஆளு ஒரே ஊருக்காரன்னு சொல்லுச்சு. ரெண்டு பேருல யாராச்சும் வந்து சொல்லட்டும்.”

தொட்டி கழுவும் சத்தம் நின்றது. வேன் கண்ணாடித் துணியும் நின்றது. எனக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். நான் வழக்கம்போல நடுவில்.

“பாப்பா,” என்றார் அக்கா உள்ளேயிருந்து. “எத்தன மணிக்கு வருவாராம்னு கேளு.”

“எனக்கு எப்புடித் தெரியும்னு சொல்லு பாப்பா. அம்புட்டு ஊரும் ரோட்டுலதான் கெடக்கு.”

“அப்ப வாரப்ப சொல்லச் சொல்லு.”

“எப்புடிச் சொல்றதாம்? எந்நம்பரத்தான் அழிச்சுட்டாங்கள்ல.”

“அழிக்கலன்னு சொல்லு. பிளாக்குதான் பண்ணிருக்கேன்.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. அண்ணன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எடுத்துவிடச் சொல்லு,” என்றார்.

“மாட்டேன்னு சொல்லு.”

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பஞ்சர் கடைத் திருப்பத்துல ஹாரன் அடிக்கிறேன்னு சொல்லு. அங்கருந்து இங்க வாரதுக்குள்ள டிரே வெளிய வந்துரும்.”

“அங்கன எல்லா லாரியுந்தான் அடிக்குது. எது எதுன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“மூணு தடவ அடிப்பேன்.”

“சேத்தா, விட்டு விட்டா?”

“ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு.”

“பெருசு மொதல்லயா கடைசிலயா?”

“கடைசில.”

அக்கா உள்ளேயிருந்து அந்தப் பெண்களிடம் சொன்னார். “கேட்டுக்கங்கடி.”

நான் வாயே திறக்கவில்லை. இதுவரை நான் கலந்துகொண்டதில் உருப்படியான மீட்டிங் அதுதான். யார், எதை, எப்போது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அதில் ஒரு எழுத்துகூடப் போர்டில் ஏறவில்லை. அரை மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தெம்பு இல்லை. முதலாளிக்குப் போன் செய்து, நாளையிலிருந்து ரிவியூ மீட்டிங்கை மூன்றரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“ஒரே நேரத்துல வைக்கணும்னு சொன்னாங்களேம்மா.”

“மூணரையும் தெனமும் வரும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சரி என்றார்.

திங்கட்கிழமை மதியம் நான் மாடிக்கே போகவில்லை. கோல்டு ரூம் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா கதவுக் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி ஆயிற்று. வண்டி வரவில்லை. ஒரு ஹாரன் கேட்டது. ஒருத்தி பாய்ந்தாள். அது கரும்பு லாரி. இன்னொரு ஹாரன். டவுன் பஸ். அக்காவின் நெற்றியில் வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

“எடுத்துரவா பாப்பா? லேட்டானா நாமன்னுல்ல ஆயிரும்.”

“வேணாம்க்கா.”

“அவுக மறந்துட்டா?”

“மறக்க மாட்டாரு.”

எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று தெரியாது. அண்ணன் எனக்கும் போன் செய்யவில்லை. போன் கையில் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பிடியை ஒரு தடவை இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

பிறகு கேட்டது. சின்னது ஒன்று, சின்னது ஒன்று, அப்புறம் நீளமாக ஒன்று. யாரோ திருவிழாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கதவு திறந்தது. குளிர் புகையாக வெளியே வந்தது. டிரேக்கள் கைமாறிக் கைமாறி ஷட்டருக்குப் போகவும் வேன் ரிவர்ஸில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கடைசி டிரே ஏறியதும் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “அம்புட்டுத்தானான்னு கேளு பாப்பா.”

அக்கா வேனின் பின்கதவை அறைந்து சாத்தினார். அதுதான் பதில்.

நானும் வேனில் ஏறிக்கொண்டேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. கீழே நின்று காத்திருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். தல்லாகுளத்தில் கூட்டம். அண்ணன் சந்து சந்தாக நுழைந்தார். பாட்டு எதுவும் போடவில்லை. ஒரு தடவை மட்டும், “பின்னாடி கைய வச்சுப் பாரு, சில்லுன்னு இருக்கா?” என்றார். இருந்தது.

சூப்பர் மார்க்கெட் பின்வாசலில் அந்த சூப்பர்வைசர் நின்றிருந்தார். நல்ல நாளிலேயே சிரிக்காத ஆள். ஒவ்வொரு டிரேயிலிருந்தும் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். நாலாவது டிரேயில் ஒன்றை இரண்டு தடவை அமுக்கினார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். சூப்பர்வைசர் அந்தப் பாக்கெட்டை வைத்துவிட்டு அடுத்த டிரேக்குப் போனார். கடைசி டிரேயையும் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

“இறக்குங்க. நாளைக்கும் இப்புடியே கொண்டு வாங்க.”

திரும்பி வரும்போது அண்ணன் ஒரு சிக்னலில் நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“போனப் போட்டுச் சொல்லிரு பாப்பா. காத்துக்கிட்டுக் கெடப்பாங்க.”

போட்டேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்தார். 

“எறங்கிருச்சா?”

“எறங்கிருச்சுக்கா. ஒண்ணுகூட ரிட்டர்ன் இல்ல. நாளைக்கும் கேட்டுருக்காங்க.”

அக்கா போனை வைக்காமலேயே திரும்பி ஷெட்டுக்குள் கத்தினார்.

“ஏ, நாளைக்கு ஆட்டுறதுக்கு அரிசிய ஊறப் போடுங்கடி! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

போனில் குழாய் திறக்கும் சத்தம், சாக்கைப் பிரித்து அரிசியைத் தொட்டியில் கொட்டும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம் எல்லாம் கேட்டது. கைக்குழந்தைக்காரி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

“என்னவாம்?” என்றார் அண்ணன்.

“அரிசி ஊறப் போடுறாங்கண்ணே.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சிக்னலில் பச்சை விழுந்தது. மூன்றரை மணி மீட்டிங்குக்கு லேட்டாகிவிட்டது என்று எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டேன்.